தும்மல் கேட்காத தூரம்

ருக்மணியின் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அவளுடைய ஒரே அண்ணன் ஆஞ்சப்பன் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். அப்பாதான் அனுப்பிவைத்தார். கோபித்துக்கொண்டு அனுப்பவில்லை. தோளில் கை போட்டு, "முகூர்த்தம் முடியற வரைக்கும் அங்க இருடா கண்ணு, மாப்பிள்ள ஊட்டுக்காரங்க சகுனம் பாக்கறவங்க" என்று கெஞ்சுகிற மாதிரி சொல்லித்தான் அனுப்பினார். ஆஞ்சப்பன் துண்டை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மேளத்தைக் கேட்டான். அப்படியும் இரண்டு மூன்று தும்மல் நழுவிவிட்டது. பசுமாடு திரும்பிப் பார்த்தது.

பாகலூரை அடுத்த சிற்றூர் அது. கேழ்வரகு விளையும் கொஞ்சம் காடு அவர்களுக்கு உண்டு. களத்தில் கதிர் அடிக்கும் தூசி பட்டு, சிறு வயதிலேயே அவனைத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டையானால் நல்லது என்பது ஊர் வழக்கம். இவனுக்கு வந்தால் ஏழெட்டு வரும். அதை எதில் சேர்ப்பது? வண்டி பூட்டி ஓசூர் சந்தைக்குக் கிளம்புகிறவர்கள் இவன் தும்மினால் இறங்கிவிடுவார்கள். சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி ஏறுவார்கள். அம்மா இருந்தவரை அவன் தும்மத் தும்ம "நூறு, எரநூறு, முந்நூறு" என்று ஆயுசைக் கூட்டிக்கொண்டே போய், "எம் மவன் ஊரையே அடக்கம் பண்ணிட்டுத்தான் போவான்" என்று சிரிப்பாள். அவள் போன பிறகு கூட்டுவதற்கு ஆள் இல்லை.

அவனுக்குப் பெண் பார்க்கவும் போனார்கள். இரண்டு இடத்திலும் வாசலிலேயே தும்மல் வந்தது. மூன்றாவது இடத்துக்கு அவனே வரமாட்டேன் என்றுவிட்டான். அப்பாவும் காலமானபின், காட்டைப் பங்காளிகளிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, பர்கூர்ப் பக்கம் ஒரு குன்றில் கல் உடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினான். அது ஐம்பத்திரண்டாம் வருடம்.

கல் தூசியில் அங்கே எல்லோருமே தும்மினார்கள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் திட்டிக்கொண்டு, மூக்கைச் சிந்திப் பாறையில் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஆஞ்சப்பன் தும்மினால் ஒருவரும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அந்த முதல் மாதத்தில் இரவில் அவன் நன்றாகத் தூங்கினான்.

வெடி வைக்கும் நேரம் மட்டும் வேறு. பாறையில் குழி போட்டு, மருந்தை நிரப்பி, திரியைப் பற்றவைக்கும் முன் மேஸ்திரி கிருஷ்ணப்பன் கையைத் தூக்குவார். குன்றே அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் யாராவது தும்மினால் திரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பீடி முடிகிற வரைக்கும் நிற்பார். ஆஞ்சப்பன் தும்மினான். பீடி முடிந்தது, மறுபடி கையைத் தூக்கினார், மறுபடி தும்மினான். முதல் நாள் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. வெயில் ஏறும், கல் விழாது, அன்றைய வேலை பாதியில் கிடக்கும்.

ஒரு நாள் மத்தியானச் சோற்று வேளையில் பேச்சு அதிலேயே வந்து நின்றது. ராமப்பன் தெலுங்குக்காரன், வயதில் மூத்தவன். "உசுரு மூக்கு வழியா ஒரு சாண் வெளியே வந்துட்டுப் போவுது. அது திரும்பி உள்ள வந்து உக்கார வேணாமா? அதுக்குத்தான் சிரஞ்சீவின்னு கூப்புடறது, அதுக்குத்தான் நிக்கறது" என்றான்.

அருள்ஜோசப் மாதா கோயில் இருக்கும் ஊர்க்காரன், வேதத்தில் சேர்ந்தவன். "எங்க சாமியாரு வேற சொல்லுவாரு. கொள்ளை நோவு வந்த காலத்துல மொத தும்மலு வரும், அப்புறம் ஆளே போயிடுவானாம். அதான் தும்மினதும் சேசுவேன்னு கூப்புட ஆரம்பிச்சாங்களாம்."

"ரெண்டும் இருக்கட்டும்," என்றார் மேஸ்திரி. "தும்மறப்ப கண்ணு மூடிக்குதா இல்லியா? எங்கண்ணன் குழியில மருந்து இடிச்சிக்கிட்டிருந்தான். கையில கம்பி. தும்மினான்." சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

ஊரில் தன்னை ஒதுக்கியவர்கள்மேல் ஆஞ்சப்பனால் மனசுக்குள் வஞ்சம் வைக்க முடிந்தது. இந்த மனிதரிடம் அதுவும் முடியாது.

சாயங்காலம் மேஸ்திரி அவனைத் தனியே கூப்பிட்டார். "கோவிச்சிக்காதடா. ரோட்டுல செவப்புக் கொடி புடிக்க ஒரு ஆளு வேணும். வெடி வெக்கறப்ப வண்டி பஸ்ஸ நிறுத்தணும். அங்கேருந்து தும்மினா இங்க கேக்காது."

"சரிங்க மேஸ்திரி" என்றான்.

இப்படித்தான் அவன் ரோட்டுக்கு வந்து சேர்ந்தான். குன்றிலிருந்து கீழே இறங்கி வெகுதூரம் நடந்தால் கிருஷ்ணகிரி ரோடு. ஒரு புளியமரம். விசில் கேட்டதும் கொடியைப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நிற்கவேண்டும். வெடித்து அடங்கி, மறு விசில் கேட்டதும் ஒதுங்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. மற்ற நேரமெல்லாம் சும்மா. சோற்றுக்கு மேலே போய் வர நேரமாகிறது என்று கூழைத் தூக்கில் எடுத்துவந்து மரத்தடியில் குடித்தான். பிறகு, விடிகாலையில் இறங்கி வருவது சிரமம் என்று ரோட்டோரத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டான். யாரும் போடச் சொல்லவில்லை. போடவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தும்மல் அங்கும் வந்தது. தும்மி முடித்ததும் பழக்க தோஷத்தில் சுற்றுமுற்றும் பார்ப்பான், யாராவது கிளம்பாமல் நின்றுவிட்டார்களோ என்று. வெயிலில் ரோடுதான் நீண்டு கிடக்கும்.

பேச்சுத் துணை என்றால் தயிர்க்காரி சரோஜம்மாள் ஒருத்திதான். காலையில் பானையோடு பர்கூருக்கு நடப்பவள். வெடிக்காக நிற்க வேண்டிவந்தால் பானையை இறக்கி வைத்துவிட்டுப் பேசுவாள். ஒரு நாள் அவள் பானையைத் தலையில் தூக்கி வைத்த சமயம் பார்த்து அவனுக்கு வந்துவிட்டது. அடக்கப் பார்த்துக் கண்ணில் நீர் முட்டியது.

"தும்முப்பா, உசுர அடக்காத" என்றவள், பானையை மறுபடி இறக்கிவைத்தாள். "எங்க ஊர்ல கணக்குப்புள்ள ஒருத்தரு மூக்குப்பொடி போட்டு நாளெல்லாம் தும்முவாரு, அவர யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. பொடித் தும்மலுக்குச் சகுனம் கெடயாது. அது தானா வந்ததில்ல, மனுசன் வரவெச்சது. நீயும் பொடி போடேன்."

"பொடி வாடையே எனக்கு ஆவாதும்மா. தல சுத்திடும்."

"டப்பாவ மடியில வெச்சிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சிரிப்புக்குச் சொன்னதுதான். அவனுக்கு அது மனசில் தங்கிவிட்டது.

ஐம்பத்தாறாம் வருடம் மாசியில் ருக்மணி ஆள் அனுப்பினாள். மகள் பெரியவளாகிவிட்டாள், மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் அவன் ஒருவன்தான். அவன் கையால் ஓலைக் குடிசை கட்டி, அவன் கையால் மாலை போட்டால்தான் சடங்கு. ஆஞ்சப்பன் கிருஷ்ணகிரிக்குப் போய்ப் புடவையும் வளையலும் வாங்கினான். கடைவீதியில் ஒரு பொடிக்கடை வாசலில் நெடுநேரம் நின்று, கடைசியில் காலி டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ருக்மணி வாழ்க்கைப்பட்ட நாகரசம்பட்டியில் போய் இறங்கினான். எந்தப் பக்கம் பார்த்தாலும் மாமரம், மரம் மூடிப் பூ. அந்தக் காற்று பட்டதுமே மூக்கு நமநமத்தது. ருக்மணியின் நாத்தனார் நாகம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நடந்து வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள். "வாங்க" என்றாள். அதோடு சரி.

ஓலைக் குடிசையை ஒழுங்காகக் கட்டி முடித்தான். மனையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு மாலை போடக் குனிந்தபோது வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு நிற்கவே இல்லை. மேளக்காரன் கை அப்படியே நின்றது. ஆஞ்சப்பன் மடியிலிருந்து டப்பாவை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி விரலால் தட்டினான்.

"பொடியா?" என்றாள் நாகம்மா.

"ஆமாங்க. கல்லு வேலையில பழகிப்போச்சு."

நாகம்மாவின் முகம் தளர்ந்தது. "பொடித் தும்மலுக்குக் குத்தமில்ல. நடக்கட்டும், நடக்கட்டும்." மேளம் மறுபடி முழங்கியது. அவன் மாலையைப் போட்டான். நாற்பது வயதில் அதுதான் அவன் பக்கத்தில் நின்று பார்த்த முதல் நல்ல காரியம்.

பந்தியில் அவனுக்கு நடுவில் இலை போட்டார்கள். சந்தோஷமாக இருக்கவேண்டியவன்தான். ஒரு தகர டப்பாவுக்காகவா இத்தனை வருடம் என்று நினைத்ததும் சோறு கசந்தது. அப்போது பக்கத்து இலைப் பெரியவர் கையை நீட்டினார்: "மச்சான், ஒரு சிட்டிகை குடேன் பாப்போம்."

ஆஞ்சப்பன் டப்பாவை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ரசம் ஊற்றிக்கொண்டு வந்த ருக்மணி சட்டென்று குனிந்து டப்பாவைப் பிடுங்கினாள். "பந்தியில என்னண்ணா பொடி? புள்ளைங்க இருக்கற எடத்துல! போறப்ப வாங்கிக்க" என்று அதட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார்.

ஆட்கள் கலைந்தபின் சமையல்கட்டில் அவள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். திறந்து பார்த்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"பொடி நெடி பட்டாலே வாந்தி எடுப்பியே நீ. எனக்குத் தெரியாதா?" என்றாள். அடுப்பைத் தணித்துவிட்டு, "என் கல்யாணத்தன்னிக்கு மேளத்துக்கு நடுவுல நீ தும்மினது எனக்குக் கேட்டுச்சுண்ணா. பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அண்ணன் இங்கதான் எங்கியோ இருக்குதுன்னு அப்பதான் தெம்பு வந்துச்சு" என்றாள்.

ஆஞ்சப்பன் டப்பாவை மடியில் செருகிக்கொண்டான்.

"இங்கியே இருந்துடேன். தோப்புல வேல இருக்குது. அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"இந்தப் பூவுலயா?" என்று சிரிக்கப் பார்த்தான். "பூ உதிரட்டும். காய் எறங்கினப்புறம் வந்து பாக்கறேன்."

மறுநாள் அவள் பருப்பும் வெல்லமும் வைத்துச் சுட்ட ஒப்பட்டு கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குன்றில் அடுப்புப் புகை தெரிந்தது. குடிசைக்குள் போகாமல் மூட்டையோடு மேலே ஏறினான். ராமப்பனும் அருள்ஜோசப்பும் ஆளுக்கு இரண்டாக வாங்கித் தின்றார்கள். மேஸ்திரி கொஞ்சம் நகர்ந்து, "உக்காருடா, மருமவ சடங்கெல்லாம் நல்லா நடந்துச்சா?" என்று பாயில் இடம் விட்டார். அவன் உட்கார்ந்து எல்லாம் சொன்னான். பெண் உயரமாக வளர்ந்திருப்பதை, குடிசை கட்டியதை, பந்தியில் நடுவில் உட்காரவைத்ததை. டப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. காற்று திரும்பி அடுப்புப் புகை இந்தப் பக்கம் வந்தது. மூக்கின் நுனியை அது தொட்டவுடனே அவன் எழுந்துவிட்டான்.

"ஏன்டா, அதுக்குள்ள?"

"காலையில வேல இருக்குதுங்களே."

பாதி இறக்கத்தில் தும்மல் வந்தது. தும்மி முடித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால் வழுக்காத கல்லாகப் பார்த்து மிதித்து இறங்கினான்.