அம்மா வாய் திறக்காத ஞாயிறு

எனக்கு எட்டு வயதிருக்கும். மலேசியாவில், கிள்ளானில் இருந்தோம். பள்ளி விடுமுறையில் அம்மா பக்கத்து ஊரான மேருவில் உள்ள ஓர் ஆசிரமத்துக்கு மௌன விரதம் இருக்கப் போனார். போனது கூடப் பரவாயில்லை, அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வாய் நீளமாம், விரதம் கெட்டுவிடுமாம். வீட்டில் நானும் அப்பாவும் கடையில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் வாங்கித் தின்றோம். அங்கே அம்மாவும் அக்காவும் ஒரே பாயில் படுத்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. சாமிமேலும் கோபம். இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

ஞாயிறு மதியம் வீட்டார் போய்ப் பார்க்கலாம். அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மாவை எப்படியாவது ஒரு வார்த்தை பேசவைத்துவிட வேண்டும். எனக்காக விரதத்தை விட்டால் அக்கா தோற்றாள்.

கூடத்தில் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நேராக அம்மா முன்னால் போய் நின்றேன்.

"ம்மா, எனக்குக் காய்ச்சல்."

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"நேத்து வாந்திகூட எடுத்தேன்."

அதற்கும் சிரிப்புதான். பக்கத்தில் சின்னச் சாமியார் மாதிரி கண்மூடியிருந்த அக்கா, ஒரு கண்ணைத் திறந்து எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

அதற்குள் பந்தியைக் கவனித்த ஓர் அம்மாள் அப்பா கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டார்.

"சும்மா நிக்காதீங்கண்ணே. மௌனத்துல இருக்கிறவங்களுக்கு வீட்டு ஆளுங்கதான் பரிமாறணும். இங்க அதான் வழக்கம்."

"எனக்கு இதெல்லாம் வராதுலா."

"வராட்டி சிந்துங்க, தொடச்சிக்கலாம்."

வீட்டில் அப்பாவுக்குத் தண்ணீர்கூட அம்மாதான் ஊற்றித் தரவேண்டும். அவர் குனிந்து ஊற்றியதில் பாதி தரையில் விழுந்தது. "போதுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா தலையாட்டி, ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டார். உடனே அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"ஏம்ப்பா இவ்ளோ ஊத்துனீங்க? அம்மாவுக்குக் காரம்!" என்று கத்தினேன்.

பிறகு எனக்கும் அதே சாம்பாரை ஊற்றினார்கள். அதில் காரமே இல்லை. என் காய்ச்சலுக்குக் கலங்காத அம்மா, அப்பா ஊற்றிய ஒரு கரண்டிக்கு அழுகிறார். அப்படியானால் அம்மாவுக்கு அப்பாவைத்தான் ரொம்பப் பிடிக்கும், என்னை இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன். அக்காமேல் இருந்த பொறாமை முழுவதும் அன்றைக்கே அப்பாமேல் மாறிவிட்டது.