உள்ளூர்க்காரர்களுக்கு அறை இல்லை

சில வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதம், மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று நடந்தது இது. நாங்கள் இருப்பது பெருங்குடியில். பெருங்குடியிலிருந்து மயிலாப்பூர் என்ன அமெரிக்காவா என்று நீங்கள் கேட்கலாம். மற்ற நாட்களில் இல்லை. அறுபத்து மூவர் அன்று அமெரிக்காதான். மாட வீதிகளுக்குப் பக்கத்தில்கூட வண்டி போகாது. எங்கேயோ இறங்கி, கூட்டம் தள்ளுகிற பக்கமெல்லாம் நடந்து, யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்க்க வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர். கல்யாணமாகிப் பெருங்குடிக்குப் போன பிறகும் ஒரு வருடம்கூட இந்த உற்சவத்தை விட்டதில்லை. கைக்குழந்தையோடு போயிருக்கிறேன், காய்ச்சலோடு போயிருக்கிறேன். முழங்காலில் ஆபரேஷன் ஆன வருடம்தான் முதல் முறையாகத் தவறியது. “கூட்டத்துல மட்டும் போய் நிக்காதீங்க” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டிவியில் காட்டினார்கள், பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சாம்பாரை வாசனை பிடித்தால் வயிறு நிறையுமா? அன்று சாயங்காலம் முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அடுத்த வருடம் தை பிறந்ததுமே அவர் ஒரு யோசனையோடு வந்தார். மாட வீதியிலேயே ஒரு ரூம் போட்டுவிடுவது. தெருவைப் பார்த்த ஜன்னல், பக்கத்தில் ஒரு நாற்காலி. சாமி வரும்போது நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சேவித்துக்கொள்ளலாம். கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் வாய்விட்டுக் கேட்காமல் அவராகச் செய்ய நினைத்த காரியம் இது ஒன்றுதான் என்று சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனாலும் உண்மை அதுதான்.

பெரிய ஓட்டலெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. சின்ன லாட்ஜாகத் தேட ஆரம்பித்தார். அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பார். லாட்ஜை விடுவாரா? ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு, தங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களை எனக்குப் படித்துக் காட்டுவார். எங்கே மூட்டைப்பூச்சி, எங்கே ஃபேன் கடகடக்கிறது, எங்கே வெந்நீர் வருவதாகச் சொல்லிவிட்டு வருவதில்லை, எல்லாம் எங்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. ‘விடியற்காலையில் கோயில் மணிச் சத்தம் தூங்க விடவில்லை’ என்று ஒருவர் குறையாக எழுதியிருந்தார். அந்த லாட்ஜைத்தான் இவர் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் போன் போட்டுக் குடைந்தார். எந்த மாடி? வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? படியில் கைப்பிடி இருக்கிறதா? ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறதா, இல்லை அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்து இருக்கிறதா? கடைசியில் இவர் ‘ஹலோ’ என்றதுமே அந்தப் பக்கத்தில் “தெருவைப் பாத்துதான் சார் கீது” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முதல் மாடியில் அந்த ஜன்னல் அறையை ஆன்லைனில் பதிவு செய்துவிட்டுத்தான் மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

அன்றைக்குக் காலையில் ஒரு பையில் மாற்றுத்துணி, ஒரு தூக்கில் புளியோதரை, என் கைத்தடி சகிதம் ஆட்டோவில் கிளம்பினோம். எங்கே போகிறோம் என்று ஆட்டோக்காரர் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்.

“இன்னாமா நீ, வூட்ட இங்க வச்சிக்கினு மைலாப்பூர்ல லாட்ஜுக்குப் போறியா? நல்லா கீதே கத!” என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. எனக்கு அது உறைக்கவில்லை.

தெருவை அடைத்துவிட்டதால் கொஞ்சம் தள்ளியே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. வழி நெடுகப் பந்தல்கள். நீர்மோர், பானகம், பொங்கல், சுண்டல் என்று வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மயிலாப்பூரில் யாரையும் பசியோடு இருக்க விடமாட்டார்கள், அது இந்த ஊர் வழக்கம். நான் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. நம் வீட்டு விசேஷத்தில் நாமே முதல் பந்தியில் உட்காரலாமா என்கிற மாதிரி ஒரு நினைப்பு எனக்கு. முழங்கால் வலித்தது. இன்னும் கொஞ்ச தூரம்தானே, அப்புறம் ஜன்னல்தானே என்று நடந்துவிட்டேன்.

லாட்ஜில் மேனேஜர் எங்கள் பதிவைச் சரிபார்த்துவிட்டு ஆதார் கேட்டார். இவர் கொடுத்தார். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“பெருங்குடியா சார்? லோக்கல் அட்ரஸுக்கு நாங்க ரூம் தர்றதில்லையே. புக் பண்றப்பவே போட்டிருக்குமே சார்.”

போட்டிருந்தது. மூட்டைப்பூச்சி வரைக்கும் படித்த என் வீட்டுக்காரர் அதைப் படிக்கவில்லை. ஊருக்குள்ளேயே வீடு இருக்கிறவர் லாட்ஜ் தேடினால் ஏதோ வில்லங்கம் என்று பல லாட்ஜ்களில் இப்படி ஒரு விதி வைத்திருக்கிறார்களாம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவர்கள், சீட்டாட வருகிறவர்கள், ஓடி வந்த காதல் ஜோடிகள். தலை நரைத்து, கைத்தடியும் புளியோதரைத் தூக்குமாக நிற்கிற எங்களைப் பார்த்து இதில் எந்த வகையென்று அவர் நினைத்தாரோ தெரியவில்லை.

பெருங்குடி அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியேதான் இருந்தது என்று இவர் வாதாடிப் பார்த்தார். மேனேஜர் அசையவில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் பழைய வாக்காளர் அட்டையில் வேறு முகவரி இருக்கும். பர்ஸைத் துழாவி எடுத்து வெற்றியோடு நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இது மைலாப்பூராச்சேம்மா. இன்னும் கிட்ட வந்துட்டீங்க.”

பக்கத்தில் நின்றிருந்த ரூம் பாய்கூடச் சிரித்துவிட்டார். “கட்டுன பணத்த திருப்பிக் குடுத்துடறோம்மா, ஓனர் ரூல், நான் மீறுனா என் வேல போயிடும்” என்று மேனேஜர் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என்னை வாசல் ஓரத்துப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்தார்.

வெளியே பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த வழியே அதற்குள் தலைகளாக நிறைந்துவிட்டது. திரும்பிப் போகவும் முடியாது, நின்று பார்க்கவும் முடியாது. சாமி இதே வாசல் வழியாகத்தான் வருவார், நான் பெஞ்சில் உட்கார்ந்து மனிதர்களின் முதுகுகளைத்தான் சேவிக்க வேண்டும். போன வருடமாவது டிவியில் முகம் தெரிந்தது. அதைவிட என் வீட்டுக்காரரின் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. என் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அப்போதுதான் ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. என்னைவிடக் கொஞ்சம் சின்னவளாக ஒரு பெண், அவள் கணவர், அவளுடைய நாத்தனார். மூன்று பேர் கையிலும் பொங்கல் தொன்னை. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வருகிறார்களாம். ரூம் எதுவும் சொல்லி வைக்கவில்லையாம், சும்மா கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தார்களாம். மேனேஜர் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். அப்புறம் அவர்கள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுத்தார். முதல் மாடி, தெருவைப் பார்த்த ஜன்னல்.

எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்க மாட்டேன். இரண்டு மாதமாக என் வீட்டுக்காரர் தூங்காமல் தேடிப் பிடித்த ஜன்னல், பொங்கல் தின்றுகொண்டே வந்தவர்களுக்கு அரை நிமிடத்தில் போய்விட்டது. அதிலும் அந்தப் பெண் நேராக என்னிடமே வந்தாள்.

“ஏனுங்க்கா, கை கழுவத் தண்ணி எங்கீங்க இருக்குது?” என்றவள், என் கண்ணைப் பார்த்துவிட்டு, “அட, ஏனுங்க அழுகறீங்க?” என்று தொன்னையோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அப்படிக் கேட்டால் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்? முழங்கால், டாக்டர், ஜன்னல், பெருங்குடி ஆதார், மயிலாப்பூர் அட்டை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மயிலாப்பூர் அட்டை வந்தபோது அவள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப நாங்க வாங்குனது உங்க ரூமுங்களா?” என்றாள். பிறகு யோசிக்கவேயில்லை. “வாங்கக்கா, மேல போலாம். ஜன்னலு எங்கீங்க ஓடிரப் போவுது?”

மேனேஜர் குறுக்கே வந்தார். விசிட்டர்கள் ரூமுக்குப் போகக் கூடாது, அதுவும் ரூல்.

“விசிட்டரா? இவிய எங்கக்காங்க” என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கோபிப் பேச்சு எங்கே, மயிலாப்பூர் வாக்காளர் அட்டை எங்கே. அந்த அட்டை இன்னும் மேஜை மேலேதான் கிடந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, “சாமி தாண்டற வரைக்கும்தாம்மா. அப்பறம் கீழ வந்துடணும்” என்றார். நான் படியேறி முடிப்பதற்குள், கைவைத்த நாற்காலி ஒன்றும் மேலே வந்துவிட்டது. அது ரிசப்ஷனில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி.

ஜன்னல் ஒன்றும் பெரியதில்லை. இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு பார்க்கலாம், அவ்வளவுதான். மூன்று பேர் வாடகை கொடுத்த அறை. என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டு, அவளும் நாத்தனாரும் எனக்கு இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து என் புளியோதரையைக் காலி செய்தார்கள். முன்பதிவே செய்யாமல் எப்படித் தைரியமாகக் கிளம்பி வந்தீர்கள் என்று என் வீட்டுக்காரர் அவள் கணவரை விசாரித்துக்கொண்டிருந்தார். இவருக்கு அது கடைசி வரை புரியவில்லை.

மேளச் சத்தம் நெருங்கியது. அவர்களுக்கு இதுதான் முதல் அறுபத்து மூவர். யார் எந்தச் சாமி என்று கேட்கக் கேட்க நான் சொன்னேன். பிள்ளையார் போனார். பின்னாலேயே பல்லக்குப் பல்லக்காக நாயன்மார்கள் கைகூப்பிக்கொண்டு வந்தார்கள். இவர் கண்ணைப் பிடுங்கிச் சாமிக்கு வைத்தவர், இந்த அம்மா தலையாலேயே நடந்து கயிலாயம் போனவர் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் நாத்தனாரிடம் திரும்பி அதையே கோபித் தமிழில் ஒருதரம் சொன்னாள்.

வெள்ளி விமானத்தில் கபாலி வந்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற சாமிதான். ஆனால் எப்போதும் தெருவில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து, மாலைக்கும் குடைக்கும் நடுவே தேடித்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணுக்கு நேராக வந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் யாருமே இல்லை. கும்பிடக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். கற்பகாம்பாள் வந்தபோதுதான் கை தானாகக் குவிந்தது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு எழுந்து எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் சாமியைப் பார்க்கவில்லை, நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கரைந்த பிறகு, விடைபெறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்கு ஜன்னலையே விட்டுக் கொடுத்தாயே என்றேன்.

“போங்கக்கா. காத்தால பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து வழியெல்லாம் கூப்புட்டுக் கூப்புட்டுச் சோறு போடறாங்க உங்கூருக்காரிய. தொண்ட காஞ்சு போயி நின்னப்ப ஒரு அம்மா மோரு குடுத்தாங்க பாருங்க, அப்பத்தான் உசுரே வந்துச்சு. நாங்க ஒரு ஜன்னலு குடுக்க மாட்டமா?” என்றாள்.

இப்போது ஒவ்வொரு பங்குனிக்கும் கோபியிலிருந்து போன் வந்துவிடுகிறது. அறை அவள் பெயரில், அவள் ஊர் முகவரியில். நாங்கள் அவளுடைய அக்காவும் மாமாவுமாகப் போய் இறங்குகிறோம். மேனேஜர் ஒன்றும் கேட்பதில்லை, நாற்காலியை மட்டும் மேலே அனுப்பிவிடுகிறார். படியேறுவதற்கு முன்னால், காலையில் கொஞ்ச நேரம் பக்கத்துப் பந்தலில் உட்கார்ந்து நான் மோர் ஊற்றிக் கொடுக்கிறேன். அன்றைக்கு அவளுக்கு மோர் கொடுத்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. ஆனால் என் சாமியை நான் கண்ணுக்கு நேராகப் பார்த்தது அந்த ஒரு டம்ளர் மோரால்தான் என்பது நினைவிருப்பதால், ஒவ்வொரு டம்ளரையும் வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.