வாய்விட்டுக் கேட்க முடியாத சம்மதம்

என் வீட்டுக்காரருக்கு எதிலும் புதுசு வேண்டும். மீனாட்சிபுரத்திலிருந்து கோயமுத்தூருக்குப் போனால் போன வழியில் திரும்பமாட்டார். நானோ இடம் மாற்றிக் கட்டினால் பால் கொடுக்காத மாடு மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேலி பேசியே காலம் ஓட்டினோம்.

போன ஆடியில் நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"ஏம்புள்ள, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சம்மதிச்சு, வெளியவும் ஒருத்தர்கூடப் பழகறவங்க இருக்கறாங்களாமா. எனக்கு அதுல மனசு போகுது. ஒளிச்சுப் பண்ணப் புடிக்கல, அதான் கேக்கறேன். உனக்கும் அதே நாயந்தான்."

"யாராச்சும் இருக்கறாங்களாங்க?"

"இல்ல. நீ சரின்னாத்தான் யோசனையே."

திருட்டுத்தனமாகச் செய்திருந்தால் அழுதிருப்பேன், அண்ணனைக் கூப்பிட்டிருப்பேன். இவர் கேட்டுவிட்டாரே. அதைவிடக் கொடுமை, 'உனக்கும்' என்றதும் ஒரு கணம் என் மனசும் எட்டிப் பார்த்தது. தாலி கட்டிக்கொண்ட உடம்பு குறுகிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் பூ கேட்கப் போனேன். எங்கள் பக்கம் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம்.

"என்ன காரியமுங்க அம்மிணி?" என்றார் பூசாரி.

எப்படிச் சொல்வேன்? "மாடு ஒண்ணு வாங்கலாம்னுங்க" என்றேன்.

வெள்ளை வந்தது.

"அப்பறமென்ன, தைரியமாப் புடிச்சுட்டு வாங்க. சீம்பாலு நமக்கும் உண்டல்லோ?" என்று சிரித்தார்.

நான் கூசி நின்றேன். என் வீட்டுக்காரர் என்னிடம் மறைக்காமல் கேட்டார். நான் அம்மனிடமே மறைத்து, என் பொறுப்பை அவள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் உன்னையத்தான கேட்டேன், அம்மனையா கேட்டேன்?"

"எனக்கு வேண்டாமுங்க. வெள்ளையே வந்தாலும் என்னால ஆகாதுங்க."

"செரி, வுடு" என்று மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.

அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. சொன்ன சொல் மாறுகிறவரும் இல்லை. அந்த ஆசை அவரை விட்டுப் போயிற்றா என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. கேட்டால், "உனக்கு?" என்று திருப்பிக் கேட்பார்.