வெளியே போய் பைப்பைப் பாருங்கள்

மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர் எப்படி இருக்கும் என்பதை என்னோடு வேலை பார்த்த அக்கா ஓர் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் தெரிந்துகொண்டார். ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்குக் கீழே ஒரு டீக்கடை. அதன் வாசலில் கண்ணாடி மூடி போட்ட நீளமான பெட்டி. உள்ளே எத்தனை டிகிரி என்று அக்கா கேட்க, கடைக்காரர் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துச் சொன்னார். அக்கா வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மூடியைத் தள்ளி, முழங்கை வரை உள்ளே விட்டார். “இன்னாக்கா, எது வோணும்னு சொல்லு, நான் எடுத்துத் தரேன்” என்றார் கடைக்காரர். அக்கா கையை எடுக்கவில்லை. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது உதடுகளில் தெரிந்தது. கையை வெளியே எடுத்தபோது விரல்கள் சிவந்து, மடக்க வரவில்லை. “அவங்க ஊர்ல இன்னிக்கு இது மாதிரி ரெண்டு மடங்கு, தம்பி” என்றார். தாம்பரத்தில் அன்று மார்கழி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

‘அவங்க ஊர்’ என்பது கனடாவின் சமவெளியில் இருந்த ஒரு நகரம். அங்கே வீடுகளைச் சூடாக வைத்திருக்க, தரைக்குக் கீழே இருக்கும் அறையில் எரிவாயுவில் ஓடும் ஃபர்னஸ் என்ற பெரிய இயந்திரம் இருக்கும். அது நின்றுபோனால் சில மணி நேரத்தில் வீடு ஐஸ்பெட்டி ஆகிவிடும். நின்றுபோன வீட்டிலிருந்து வரும் அழைப்புகளை எடுப்பதுதான் எங்கள் வேலை. அவர்கள் பழுதுபார்க்கும் கம்பெனியை அழைப்பார்கள். மணி எங்கள் காதில் அடிக்கும். சுவிட்சைப் பார்த்தீர்களா, ஃபில்டரைப் பார்த்தீர்களா என்று கணினித் திரையில் வரும் கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். எதிலும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கை அனுப்பப் பதிவு போட வேண்டும். எல்லாம் எட்டு நிமிடத்துக்குள். எங்களுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவர்களுக்கு முந்தைய நாள் இரவு. வாழ்நாளில் ஸ்வெட்டரே வாங்காத பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, பனியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தோம். நான் அந்தப் பன்னிரண்டு பேருக்கு டீம் லீடர். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

அக்காவுக்கு நாற்பது இருக்கும். இரும்புலியூரில் வீடு. கணவர் இல்லை; மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்கு வரும் முன் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். பள்ளியை மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதால் அன்று மட்டும் ஷிஃப்ட் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. மற்றவர்கள் திரையைப் பார்த்து வாசிப்பார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். அந்த வீடு அவருக்குத் தெரிகிறது என்று தோன்றும். படி எத்தனை இருக்கிறது, கையில் டார்ச் இருக்கிறதா, மெதுவாக இறங்குங்கள் என்பார். அதனாலேயே அவருடைய அழைப்புகள் நீளும். அழைப்பு நேரத்தைக் காட்டச் சுவரில் மாட்டியிருந்த மின்பலகையில் அவர் பெயருக்கு எதிரே உள்ள எண் எப்போதும் சிவப்பில் இருக்கும். அதை வாரம் ஒருமுறை அவரிடம் சுட்டிக்காட்டுவது என் வேலை. அவரும் சரி தம்பி என்று தலையாட்டுவார்.

அது போகிப் பண்டிகை நாள். விடியும் முன்பே தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரிந்து, பெருங்களத்தூர் தாண்டி வரும்போது முன்னால் போகிற வண்டி தெரியவில்லை. கண் எரிய ஆபீஸுக்குள் நுழைந்தால் பாதி நாற்காலிகள் காலி. பொங்கல் லீவில் ஊருக்குப் போய்விட்டார்கள். அதே நாளில் அங்கே அந்தப் பருவத்தின் மோசமான குளிர் இறங்கியிருந்தது. மைனஸ் முப்பத்தைந்து. காற்றோடு பனியும். அழைப்புகள் நூறைத் தாண்டி வரிசையில் நின்றன. மெக்கானிக்குகள் போதவில்லை. சாதாரணப் பதிவு போட்டால் மறுநாள் மாலைதான் ஆள் வரும். அவசரப் பதிவு போட்டால் இரண்டு மணி நேரத்தில் வரலாம்.

எட்டு மணி வாக்கில் அக்காவுக்கு ஒரு பெரியவரின் அழைப்பு வந்தது. எண்பத்து மூன்று வயது. மனைவியும் அவரும் மட்டும்தான் வீட்டில். மனைவிக்கு மறதி நோய். ஃபர்னஸ் நின்று மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, மனைவி போர்வையைத் தள்ளித் தள்ளி விடுகிறாள் என்று சொல்லியிருக்கிறார். அக்கா எல்லாக் கேள்விகளையும் கேட்டார், ஒன்றைத் தவிர. ஃபர்னஸின் புகை வெளியேறும் பைப் வீட்டின் வெளிச்சுவரில் தரைக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பனி குவிந்து அதன் வாயை அடைத்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். வெளியே போய் அதைப் பார்க்கச் சொல்வதுதான் கடைசிக் கேள்வி. பார்த்தாயிற்று என்று அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால்தான் அவசரப் பதிவு திறக்கும்.

அக்கா அதைக் கேட்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே அறைக்கு வரச் சொன்னார். கதவிடுக்கில் துணி அடைக்கச் சொன்னார். குழாயில் தண்ணீர் உறையாமல் இருக்க மெல்லிசாகத் திறந்துவிடச் சொன்னார். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய வேண்டாம், மூடிய வீட்டில் அது ஆளைக் கொன்றுவிடும் என்று இரண்டு தடவை சொன்னார். ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. பலகையில் அவருடைய எண் மட்டும் எரிவதுபோல மின்னிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் நூற்று நாற்பது ஆகியிருந்தார்கள். நான் எழுந்து அவரிடம் போனேன்.

பெரியவரைக் காத்திருக்கச் சொல்லி ஹோல்டில் போட்டுவிட்டு அக்கா விஷயத்தைச் சொன்னார். பைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், டிக் போட்டு அவசரப் பதிவைத் திறந்துவிட்டுப் போனை வையுங்கள் என்றேன். “எண்பத்து மூணு வயசு தம்பி. இந்தக் குளிர்ல வெளிய அனுப்ப மாட்டேன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “பாத்துட்டாருன்னு நாமளே டிக் போட்டுடலாமா?” என்று கேட்டார்.

ஒரு விரல் அசைத்தால் முடிந்திருக்கும் வேலை. அழைப்பெல்லாம் பதிவாகிறது, தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று சொன்னேன். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தேன். ஹெட்செட்டைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். அக்கா சற்றுத் தயங்கி, தலையிலிருந்து கழற்றிக் கொடுத்தார். திரையில் இருந்த வாக்கியத்தை நான் அப்படியே வாசித்தேன். முடிந்தால், பாதுகாப்பாக இருந்தால், வெளியே போய் பைப்பைப் பாருங்கள். அதில் ‘முடிந்தால்’ என்ற சொல் இருந்தது. பல வருடம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். பெரியவர் மிக மரியாதையாகச் சரி என்றார். கோட்டைத் தேடுகிற சத்தம் கேட்டது. மனைவியிடம் இங்கேயே இரு, இதோ வந்துவிடுகிறேன் என்றார். கதவு திறந்தபோது காற்றின் இரைச்சல் காதுக்குள் வந்தது. பிறகு கதவு மூடிய சத்தம்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மேசைமேல் வைத்த போனை அந்த அம்மா எடுத்தார். யார் என்று கேட்டார். அக்கா என்னிடமிருந்து ஹெட்செட்டைப் பறிக்காத குறையாக வாங்கி, வாசலில் போய்ப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள் என்று மெதுவாக, குழந்தையிடம் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் யார் என்று கேட்டார். அங்கே உள்ள அவசர உதவி எண்ணை நாங்கள் இங்கிருந்து கூப்பிட முடியாது. கம்பெனியின் அங்குள்ள ஆட்கள் வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் லைனும் காத்திருப்பில் இருந்தது. எங்கள் செல்போன்கள் எல்லாம் வெளியே லாக்கரில். மைக்கை அணைத்துவிட்டு, தன் போனை எடுத்துவந்து அந்த ஊர் போலீஸ் நம்பரைத் தேடிக் கூப்பிடட்டுமா என்று அக்கா கேட்டார். மெயில் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இருபது நிமிடம் கழித்து, ஆள் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. அதற்குள் அந்த அம்மா போனை வைத்துவிட்டிருந்தார்.

மறுநாள் பொங்கல். காலையில் நான் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். மூன்றே வரி. வாடிக்கையாளர் வீட்டின் பக்கவாட்டில் விழுந்து இறந்த நிலையில் காணப்பட்டார். மனைவி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மூன்றாவது வரி: பைப்பை அடைத்திருந்த பனி அகற்றப்பட்டது, ஃபர்னஸ் ஓடுகிறது. அக்காவுக்கு நான்தான் போனில் சொன்னேன். பின்னால் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பொங்கலோ பொங்கல் என்று கத்துவது கேட்டது. அக்கா போனை வைக்கவில்லை. நானும் வைக்காமல் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தேன்.

லீவு முடிந்து விசாரணை வைத்தார்கள். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். ஹோல்டில் இருக்கும்போதும் மைக்கை அணைத்திருக்கும்போதும் நாங்கள் பேசியது பதிவாகாது. அதனால் அதில் இருந்தது ஐம்பது நிமிடம் கேள்வியைக் கேட்காமல் தாமதித்த அக்காவும், விதிப்படி வாசித்த நானும்தான். அழைப்பின் நடுவே அவர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை, நேரம் நீண்டதால் வாங்கினேன் என்றேன். அந்த ஒரே வாக்கியத்தில், அவர் மறுத்தது, டிக் போடச் சொன்னது, லாக்கருக்குப் போகட்டுமா என்று கேட்டது எல்லாம் இல்லாமல் போயிற்று. முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டிருந்தால் பெரியவர் அவ்வளவு தளர்ந்திருக்க மாட்டார் என்று முடிவு எழுதினார்கள். அக்காவை வேலையிலிருந்து எடுத்தார்கள். என் பெயருக்கு எதிரே தவறு ஏதும் இல்லை என்று வந்தது.

அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு அக்கா படியில் என்னோடு இறங்கினார். உங்களிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை என்றேன். “ஹெட்செட்டைக் கழட்டிக் குடுத்திருக்கக் கூடாது தம்பி. அது என் தப்பு” என்றார். நான் அதையும் மறுக்கவில்லை.

நான் இன்னும் இரண்டு வருடம் அதே நாற்காலியில் இருந்தேன். பிறகு அந்த ஒப்பந்தம் முடிந்து ஆபீஸை மூடினார்கள். இப்போது கூடுவாஞ்சேரியில் வேறு வேலை, ஊரப்பாக்கத்தில் வீடு. டிசம்பரில் என் மனைவி ஃபேனை ஒன்றில் வைக்கச் சொல்லும்போதெல்லாம் எழுந்துபோய் பால்கனியில் நிற்பேன். ஏன் என்று அவளுக்குச் சொன்னதில்லை. அக்காவை மார்க்கெட்டில் இரண்டு முறை தூரத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் வேறு சந்தில் திரும்பிவிட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மழை விட்ட மதியத்தில், இரும்புலியூரில் அவர் வீட்டுக்குப் போனேன். முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாராம். மகளுக்குக் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். காபி போட்டுக் கொடுத்தார். விசாரணையில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, முழுக்க என்னுடையது என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னது எதுவும் அவர் தேடிக்கொண்டிருந்தது இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அந்த அம்மா என்ன ஆனாங்க?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிவில் அவர்கள் மகளுடைய போன் நம்பர் இருந்தது. இரண்டு வருடம் தினமும் ஒரு க்ளிக் தூரத்தில் இருந்தது. நான் கேட்கவே இல்லை. அதைச் சொன்னேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார். “அவர் போனது அவங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. எங்கன்னு தினம் கேட்டிருப்பாங்க. யாராவது தினம் புதுசா சொல்லியிருக்கணும்.”

டியூஷன் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. காபி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு எழுந்தேன்.