யாருக்குப் பொழுது போகிறது?

மைக் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது; இறங்கும். பேருந்து நிலையத்தில் அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அறிவிப்பு அறையின் கண்ணாடியைத் தட்டி எவனாவது வாய்க்கு வந்தபடி பேசினால், நாற்காலியை அவன் பக்கம் திருப்பி, அடங்கிய குரலில் இரண்டு வார்த்தை சொல்வாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவான்.

எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவள் வேலை. அறை ஒரு பெரிய அலமாரி அளவு இருக்கும். மின்விசிறியைப் போட்டால் மைக்கில் காற்று இரையும் என்பதால் வெயில் காலத்திலும் வியர்த்துக்கொண்டேதான் பேச வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒன்றாம் நடைமேடைக்குப் பதிலாக ஏழு என்று சொல்லிவிட்டாள். அவள் கண்ணெதிரே மொத்தக் கூட்டமும் பெட்டி படுக்கையோடு ஏழை நோக்கி ஓடியது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி மூச்சு வாங்க ஓடியதை அவளால் இன்றும் மறக்க முடியவில்லை. அதிலிருந்து எந்த எண்ணைச் சொல்வதானாலும் நாக்கு ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்லும்.

அந்தக் குரலுக்குத்தான் குடியிருப்பில் அவளுக்கு இந்தப் பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ்த்தளக் கூடத்தில் தம்போலா விளையாடுவார்கள். ஆளுக்கொரு சீட்டு. ஒன்றிலிருந்து தொண்ணூறுக்குள் ஏதேதோ எண்கள் அதில் இருக்கும். பையிலிருந்து ஒருவர் எண் பொறித்த வில்லையை எடுத்துச் சொல்ல, தன் சீட்டில் இருந்தால் அடித்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு வரியை அடித்து முடித்தவருக்குப் பரிசு. எண் சொல்வது மைக் அக்கா.

முதலில் எவ்வளவு நன்றாக இருந்தது! குடியிருப்பு புதிது, யாருக்கும் யாரையும் தெரியாது. அவள் எண்ணை மொட்டையாகச் சொல்லமாட்டாள். "புருஷன் பொண்டாட்டி சண்டை, ஒரே வீட்டுல ஆளுக்கொரு மூலையில விறைப்பா நிக்கிறாங்க, பதினொண்ணு!" என்பாள். "எழுத்து ஆடுது, பேப்பரைத் தூரப் பிடி, என் வீட்டுக்காரர் கடைக்கு வா, நாப்பது!" என்பாள். அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அவர் எழுந்து கும்பிடு போட, கூடமே குலுங்கிச் சிரிக்கும். ஞாயிறு எப்போது வரும் என்று அவள் திங்கட்கிழமையே எதிர்பார்த்த காலம் அது.

அது எப்போது கெட்டது என்று அவளால் சொல்ல முடியாது. பால் திரிகிற மாதிரி ஒரே நாளில் திரிந்துவிடவில்லை. முதலில் பிள்ளைகள் வருவதை நிறுத்தினார்கள். பிறகு பெரியவர்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டார்கள். பிறகு கைப்பேசிக்குப் பக்கத்தில் சீட்டை வைத்துக்கொண்டார்கள். "என்ன நம்பர் சொன்னீங்க?" என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருவர் கேட்டார். பதினொன்றுக்கு யாரும் சிரிப்பதில்லை. நாற்பதுக்குக் கணவர் மட்டும் கடமைக்கு எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பரிசு என்று கொடுப்பது மூடி சரியாகப் பொருந்தாத பிளாஸ்டிக் டப்பா. எல்லார் வீட்டுப் பரணிலும் அது குவிந்து கிடந்தது. ஆனாலும் அந்த டப்பாவுக்கு, "நான்தான் முதல்ல கத்தினேன்" என்று இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

நடுவில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு விடவே இல்லை. தொண்டை டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள சின்னதா தடிச்சிருக்கு. லீவு நாள்லயாவது வாயை மூடிக்கிட்டு இருங்க. இல்லேன்னா குரல் போயிடும், அப்புறம் வேலையும் போயிடும்" என்றார்.

அந்த ஞாயிறு அவள் கீழே போகவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர் மாற்றி ஒருவராக ஆள் அனுப்பினார். கடைசியில் அவரே வந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. வீட்டில் இருக்கும்போதும் சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பார்.

"நீங்க இல்லாம களையே இல்லம்மா. எல்லாரும் உங்களைத்தான் கேக்கிறாங்க."

"தொண்டை சரியில்ல சார்."

"மைக் இருக்குல்ல? மெதுவா சொல்லுங்க போதும். ஜனங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு சந்தோஷம்தான்."

ஜனங்களின் சந்தோஷத்தை அவள் தலையில் கட்டிவிட்டு அவர் போனார். அவள் வெந்நீரைக் குடித்துவிட்டுப் படியிறங்கினாள். அதற்கடுத்த ஞாயிறும் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். கோபம் யார் மேல் என்றுகூட அவளுக்குத் தெளிவாக இல்லை. காய் நறுக்கும்போது வந்தது, துணி மடிக்கும்போது வந்தது. சனிக்கிழமை மாலை வந்தாலே கணவர் என்ன கேட்டாலும் சுருக்கென்று பதில் வந்தது.

அப்படி ஒரு ஞாயிறு. கூடம் புழுங்கியது. அவள் வழக்கம்போலப் பதினொன்றைச் சொன்னாள். எதிரில் வரிசையாகக் குனிந்த தலைகள். இரண்டாம் மாடி டியூஷன் மாஸ்டர் கைப்பேசியில் ஏதோ சண்டைக் காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் காதில் செருகிய இயர்போனை எடுக்கவே இல்லை. கணவர் தூங்கிவிட்டிருந்தார்.

பைக்குள் கையை விட்டாள். வில்லையை எடுக்கவில்லை. வெறும் கையை வெளியே எடுத்து, மைக்கில் நிதானமாகச் சொன்னாள்:

"தொண்ணூத்தேழு."

சீட்டில் தொண்ணூறுக்கு மேல் எண்ணே கிடையாது. யாராவது நிமிர்வார்கள் என்று காத்திருந்தாள். யாரும் நிமிரவில்லை. "என்ன நம்பர்?" என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. "தொண்ணூத்தேழு" என்று பக்கத்தில் இருந்தவரே பதில் சொன்னார். செயலாளர் சீட்டைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தனக்கு இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"நூத்திநாலு" என்றாள். அதற்கும் பேனாக்கள் சீட்டின் மேல் அலைந்தன. "மூன்றாம் நடைமேடை, வண்டி ரத்து" என்றாள். யாரோ கொட்டாவி விட்டார்கள். அங்கே ஓர் எண்ணைத் தப்பாகச் சொன்னால் ஊரே ஓடுகிறது. இங்கே இல்லாத எண்ணைச் சொல்லித் தொண்டையைக் கிழித்துக்கொண்டாலும் ஓர் ஈ அசையவில்லை.

அப்போது டியூஷன் மாஸ்டர் கையைத் தூக்கினார். "முதல் வரி!"

சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் சொல்லாத எண்களையெல்லாம் அடித்திருந்தார். ஏமாற்ற நினைத்துச் செய்தது போலவும் தெரியவில்லை. பேனா கையில் இருந்தது, எண்கள் கண்ணில் பட்டன, அடித்துவிட்டார், அவ்வளவுதான். அந்த அப்பாவித்தனம்தான் அவளை எரித்தது.

பையைத் தலைகீழாகப் பிடித்து மேசை மேல் கவிழ்த்தாள். வில்லைகள் சடசடவென்று கொட்டி, உருண்டு, தரையெல்லாம் ஓடின. அந்தச் சத்தத்தில் தலைகள் நிமிர்ந்தன. கணவர் பதறி எழுந்து, பழக்க தோஷத்தில் கும்பிடு போட்டார்.

அவள் மைக்கை வாயருகே இழுத்தாள். குரல் அடியாழத்துக்கு இறங்கியிருந்தது.

"தொண்ணூத்தேழுன்னு சொன்னேன். நூத்திநாலுன்னு சொன்னேன். ஒருத்தராவது என்னடா இதுன்னு கேட்டீங்களா?"

செயலாளர் காதிலிருந்ததைப் பிடுங்கினார். "என்னம்மா இது, பொழுதுபோக்குக்கு வந்த இடத்துல..."

"யாருக்கு சார் பொழுது போகுது? யாருக்கு இது பிடிச்சிருக்கு? கையைத் தூக்குங்க, பாக்கிறேன்."

ஒரு கை பாதி உயர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலையைச் சொறிவதுபோல இறங்கியது. வேறு கையே எழவில்லை.

கீழ்த்தளத்துத் தையல்காரம்மாதான் முதலில் வாய் திறந்தாள். எப்போதும் கழுத்தில் அளவு நாடா தொங்க இருப்பவள். "நெசமாச் சொல்லட்டாக்கா? எனக்கு வாரத்துல இந்த ஒரு மதியம்தான் காலை நீட்டிப் படுக்கக் கிடைக்குது. நீங்க அவ்வளவு ஆசையா சொல்றீங்க, வரலேன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் வரேன்."

"நானும் அதுக்குத்தான்" என்றது பின்வரிசை.

"மைக் அக்காவுக்காகத்தான் நாங்க..." என்றார் டியூஷன் மாஸ்டர். அதைச் சொல்லும்போதே அவருக்கு நாக்கு குழறியது.

மைக் அக்கா செயலாளரைப் பார்த்தாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்காகவா? எனக்காகவா வந்தீங்க? நான் உங்களுக்காக வந்தேன். டாக்டர் பேசக்கூடாதுன்னு சொன்னதுக்கப்புறமும் வந்தேன். இத்தனை வருஷ ஞாயித்துக்கிழமையும் யாருக்காகப் போச்சு? சொல்லுங்க!"

எவரோ மைக்கை நிறுத்தினார்கள். அவள் தரையில் கிடந்த வில்லைகளை மிதித்துக்கொண்டு வெளியே போனாள்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கணவர், "கொஞ்சம் பொறுமையா சொல்லியிருக்கலாம்" என்று ஆரம்பித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, ஆறுதல் என்று நினைத்து, அதைச் சொன்னார். "நீ சொன்னதுல தப்பில்ல. எனக்கும் அது ரொம்ப நாளாவே பிடிக்காது."

"எப்பருந்து?"

"அந்தக் கண்ணாடி ஜோக்குக்கு எழுந்து எழுந்து முட்டி வலிச்சதிலருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

அப்போதுதான் அவள் கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தொண்டை நரம்பு புடைக்க, உயர்ந்த குரலில் கத்தினாள். "ஒரே கட்டில்ல படுக்கிறோம்! சனிக்கிழமை ஆனா நான் பாத்திரத்தை உருட்டுறது உங்க காதுல விழலியா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உனக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்?" கத்திக்கொண்டே போனவளுக்கு நடுவில் குரல் கீறல் விட்டது. அடுத்த வார்த்தைக்கு வெறும் காற்றுதான் வந்தது.

மறுநாள் பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பதில் பதிவு செய்த குரல் ஓடியது. டாக்டர் திட்டினார். மருந்து எழுதினார், வாயைத் திறக்கவே கூடாது என்றார். அவள் வீட்டில் ஊமையாக உட்கார்ந்திருந்தாள். கணவர் கடையிலிருந்து வந்ததும் பக்கத்தில் அமர்ந்து, அவள் கேட்க முடியாத கேள்விகளுக்கெல்லாம் தானாகவே பதில் சொன்னார். பிடித்திருக்கிறதா என்று நாமும் ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லையே என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி தன்மேல் திரும்பியது. அது இன்னும் வேதனையாக இருந்தது. அவர் நீட்டிய வெந்நீரை வாங்கிக்கொண்டு, முட்டியைக் காட்டி, வலிக்கிறதா என்று சைகையில் கேட்டாள். "இப்ப இல்ல" என்றார்.

குரல் வந்தது. முன்போல மணி மாதிரி இல்லை, ஓரத்தில் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் வேலைக்குப் போதும். கண்ணாடி அறையில் மறுபடி உட்கார்ந்து முதல் அறிவிப்பைச் சொன்னதும், பெட்டியோடு நின்ற ஒருவர் சட்டென்று நிமிர்ந்து சரியான நடைமேடைக்கு நடந்தார். அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

குடியிருப்பில் தம்போலா நின்றிருக்கும் என்றுதான் நினைத்தாள். நிற்கவில்லை. செயலாளர் கைப்பேசியில் எண்ணைத் தானாகவே சொல்லும் ஏதோ ஒன்றை இறக்கி, ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டார். ஞாயிறு மதியம் உணர்ச்சியே இல்லாத ஒரு குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே போகும். தையல்காரம்மாகூடப் போகிறாளாம்.

"நீ ஏன் போறே? படுக்கணும்னு சொன்னியே?" என்று மைக் அக்கா அவளை மாடிப்படி அடியில் மறித்துக் கேட்டாள்.

"எல்லாரும் போறாங்கக்கா" என்றாள் அவள். "நான் மட்டும் போகலேன்னா நல்லாவா இருக்கும்?"

மைக் அக்காவுக்கு அவளைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. உலுக்கவில்லை.

சில வாரம் கழித்துச் செயலாளர் மறுபடி கதவைத் தட்டினார். ஆண்டுவிழா, ஒரே ஒருதடவை, மெஷின் சொன்னால் மனுஷக் குரல் மாதிரி வராது என்றார்.

"மாட்டேன் சார்."

"உடம்புக்கு முடியலியா?"

"நல்லா இருக்கேன். பிடிக்கல."

"பிடிக்கலேன்னா எப்படிம்மா? ஒரு காரணம் சொல்லுங்க."

"அதுதான் காரணம்."

அவர் சட்டைப் பைப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

இப்போது ஞாயிறு மதியம் அவளும் கணவரும் வெறுமனே படுத்துக் கிடக்கிறார்கள். சில நாள் அதுவும் அலுக்கிறது. அலுத்தால் அலுக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். போன ஞாயிறு அப்படிக் கண்ணசரும் நேரத்தில் கீழேயிருந்து அந்த இயந்திரக் குரல் ஏறி வந்தது. பதினொன்று என்றது, வெறும் பதினொன்று. யாரோ, "என்ன நம்பர்?" என்று கேட்டார்கள்.

மைக் அக்கா எழுந்து போய்ச் சன்னலை அறைந்து சாத்தினாள். கணவர் தூக்கிவாரிப்போட எழுந்து உட்கார்ந்தார்.

"கீழே கேட்டிருக்கும்" என்றார்.

"கேக்கட்டும்" என்றாள்.