விசா ஒத்துக்காது

மாடிப் போர்ஷனுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் குடி வரப்போகிறாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் விடிந்தால் பவர்லூம் சத்தம். வெளியூர்ச் சொந்தக்காரர்களே ஒரு ராத்திரி தங்க யோசிப்பார்கள். இவள் எங்கே தாங்கப்போகிறாள்!

அவள் போலந்துக்காரி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். திருப்பதியில் தெலுங்கு எம்.ஏ. சேர்ந்திருந்தாள். அங்கேயே தங்காமல் தினமும் ரயிலேறி ஏன் அல்லாட வேண்டும் என்று கேட்டேன். "இங்கதான் அக்கா ஒரே வாயில ரெண்டு பாஷை பேசறீங்க" என்றாள். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிற எங்கள் பேச்சைப் படிக்கக்கூட ஆள் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது. இரண்டே மாதத்தில், சாப்பிட்டாயா என்பதற்கு எங்களைப்போலவே "துன்னியா அக்கா?" என்று மாடிப்படியில் நின்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

விசாவில் இத்தனை தினுசு இருப்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். ஊர் சுற்றிப் பார்க்க டூரிஸ்ட் விசா. அதில் வந்து எம்.ஏ. படிக்க முடியாது, இங்கே இருந்துகொண்டே அதை மாற்றிக்கொள்ளவும் முடியாது. முதல் தடவை அப்படித்தான் வந்திருக்கிறாள். கெடு முடியும் முன்பே ஊருக்குத் திரும்பி, காலேஜில் இடம் வாங்கி, ஸ்டூடண்ட் விசா எடுத்து மறுபடி வந்தாள். வேலை பார்க்க வேண்டுமென்றால் வேறு விசா, அதற்கு ஒரு கம்பெனி கூப்பிட வேண்டும். இந்த ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டால் அதற்கென்று ஒன்று. இதைக் கேட்டதும் பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, "எங்க சித்தப்பா புள்ள ஒருத்தன் சும்மாதான் கீறான். பேசட்டுமா?" என்றாள். "அதுக்கும் விசாரிக்க வருவாங்க அக்கா" என்று இவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தெருவில் சிலர் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கச் சொல்லிக் காசோடு வந்து நின்றார்கள். "விசா ஒத்துக்காது" என்றாள். கத்தரிக்காய் உடம்புக்கு ஒத்துக்காது என்போமே, அதே மாதிரி. அந்த வார்த்தை எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னால் வீட்டுக்காரர்கூட "எனக்கு விசா ஒத்துக்காது" என்று பேப்பரை விரித்துக்கொள்வார். கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அவள்மேல் அவ்வளவு மதிப்பு. போலீஸ் நிற்கவில்லையென்றால் சிக்னலில் பறக்கிற ஜனம் நாம். யாரும் பார்க்காதபோதும் அடுத்த தேசத்துச் சட்டத்தை மதிக்கிறவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆனால் சும்மா உட்கார மட்டும் அவளுக்குத் தெரியாது. காலேஜ் விட்டு வந்ததும் கீழே இறங்கி வந்து வெங்காயம் உரிப்பாள், துணி மடிப்பாள். வேண்டாமென்றால் கேட்கமாட்டாள். நானும் கூடப்பிறந்தவளை விரட்டுவதுபோல் விரட்டுவேன், என் வாய் அப்படி. செருப்போடு சமையல்கட்டுக்குள் வந்து நிற்பதை மட்டும் அவளால் விடவே முடியவில்லை. "இன்னா ஜென்மம்மா நீ! செருப்ப வெளிய உடு!" என்று கத்தாத நாளே கிடையாது.

விசா முடியும் சமயம் வந்தது. படிப்பில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. நீட்டித்துத் தரச் சொல்லி எழுதிப் போட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் கடைசிப் பரீட்சை எழுதாமலே கிளம்ப வேண்டியதுதான். ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவள், பாவம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, சாப்பாடு மட்டும் குறைந்துபோனது.

அதற்கான விசாரணைக்குக் கான்ஸ்டபிள் வந்த அன்று நாங்கள் புத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். அந்தப் பெண் காலேஜுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு ஓரகத்திதான் இருந்தாள். அவள் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெலுங்கு வார்த்தை தெரியாவிட்டால் தானே ஒன்று தயாரித்துவிடுவாள். அந்தம்மா எப்படி என்று அவர் தெலுங்கில் கேட்டிருக்கிறார். நல்ல வேலைக்காரி, சுறுசுறுப்பானவள் என்று வாய் நிறையப் புகழ நினைத்து, "மஞ்சி பனிமனிஷி சார். இன்ட்லோ அன்னி பனுலு சேஸ்துந்தி", வீட்டில் எல்லா வேலையும் செய்கிறாள், என்றிருக்கிறாள். பனி என்றால் வேலை, மனிஷி என்றால் மனுஷி; சேர்த்தால் உழைப்பாளி என்பது அவள் நினைப்பு. தெலுங்கில் உழைப்பாளிப் பெண்ணைப் பனிமந்துராலு என்பார்கள். பனிமனிஷி என்றால் சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்கிறவள்!

ஸ்டூடண்ட் விசாவில் வந்து வீட்டு வேலைக்கு இருப்பதாகத் தெரிகிறது, நேரில் வந்து பதில் சொல்லுங்கள் என்று சித்தூர் போலீஸ் ஆபீஸிலிருந்து போன் வந்தபோதுதான் நடந்தது புரிந்தது. "ஐயோ, என் வாயில மண்ணப் போட! பெருமையாத்தான சொன்னேன்!" என்று ஓரகத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை இரண்டு அறை விட்டிருப்பேன். அந்தப் பெண்ணோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க புகழ்ந்தீங்க அக்கா. அழாதீங்க" என்றாள். தன் தலைக்கே கத்தி வந்திருக்கும்போது அடுத்தவளைத் தேற்ற எத்தனை பேருக்கு மனசு வரும்?

மூன்று பேரும் பஸ் பிடித்துச் சித்தூர் போனோம். ஓரகத்தி தான் சொன்ன வார்த்தையை விளக்கினாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பி, இவங்க வீட்டில் வேலை செய்கிறீர்களா இல்லையா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"செய்வேன் சார்" என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கு இவங்க இன்னா குடுப்பாங்க?" என்று இந்தத் தடவை தமிழிலேயே கேட்டார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்து, என்னைப் பார்த்து, "திட்டு குடுப்பாங்க சார்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நெஜமாவாம்மா? திட்டுவீங்களா?"

எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ. "செருப்போட சமையல்கட்டுக்குள்ள வந்தா கொஞ்சுவாங்களா சார்?"

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எங்க ஊட்டுக்கு வேலைக்கு வர்ற அம்மாவ என் சம்சாரம் ஒரு வார்த்தை திட்டட்டும் பாக்கலாம்! மறுநாளே நின்னுடும். நாங்கதான் பயந்துகினு கீறோம். திட்றீங்கன்னா அது ஊட்டு மனுஷிதாம்மா." பிறகு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அதற்குப்பின் நான் அவளைத் திட்டவில்லை. திட்ட வாயெடுத்தாலே, போய்விடுவாளோ என்ற நினைப்பு வந்துவிடும். அவளும் செருப்பை ஒழுங்காக வெளியே விட்டுவிட்டு வந்தாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

ஒரு நாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அடுப்புப் பக்கத்தில் நின்றாள். ஒரு வருஷம் நீட்டித்திருந்தார்கள். எனக்குக் கண்ணீர் மறைத்தது. குனிந்து புடவைத் தலைப்பால் துடைக்கும்போது அவள் காலைப் பார்த்தேன்.

"அடிப்பாவி, செருப்பு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"சம்பளம் வந்துடுச்சி அக்கா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.