ஜே.பி. அறிந்த ஆள்

குடியுரிமை அலுவலகத்துப் பெண் என் கடிதத்தைத் திருப்பித் திருப்பி ஊதா நிற வட்ட முத்திரையையே பார்த்தாள். "இவர் நீதிபதியா?" இல்லை என்றேன். "நொத்தேரா?" பத்திரம் எழுதுகிறவரும் இல்லை. "அப்படியானால் யார்?" எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாசப்பலில் எந்தக் கடையில் கேட்டாலும் ஜே.பி. என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். நான் பிரெஞ்சில் "ஊரில் ஒரு பெரிய மனிதர்" என்றேன்.

என் பிரெஞ்சுக் குடியுரிமைக் கோப்பு, அந்தத் தொசியே முழுவதும் அந்தக் கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பிறப்புப் பத்திரத்தில் நான் குகதாசன், தகப்பன் பெயர் கந்தசாமி. இங்கே வந்த புதிதில் யாரோ அப்பாவின் பெயரை என் பெயராக எழுதி, என் பெயரை ஒற்றை எழுத்தாக்கிவிட்டார்கள். நாலைந்து இடத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு களைத்துப்போய், மெஸ்யு கந்தசாமி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். இரண்டும் ஒரே ஆள் என்று ஊர் ஜே.பி. எழுதித் தந்திருந்தார்.

ஜே.பி., அதாவது சமாதான நீதவான் என்பது இங்கிலாந்து அரசர்கள் உண்டாக்கிய பதவி. ஊர்ச் சண்டைகளைத் தீர்க்க அந்தந்த ஊர்ப் பெரிய மனிதரைச் சம்பளம் இல்லாமல் நியமித்தார்கள். வெள்ளைக்காரன் அதை எங்களுக்கும் கொண்டுவந்தான். எங்களிடம் தீர்ப்பு போய் முத்திரை மட்டும் மிஞ்சியது. கேற்றில் ஒரு பலகை, மரண அறிவித்தலில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து. "இவரை நேரில் அறிவேன்" என்று அவர் ஒப்பமிட்டால் ஊரில் எந்த அலுவலும் நடக்கும். ஒருவரை அறிந்திருப்பதே அங்கே ஓர் உத்தியோகம்.

"இவர் உங்களை எப்போது சந்தித்தார்?" என்று கேட்டாள். அக்கா சொல்லி எழுதுவித்த கடிதம் அது. அந்த மனிதர் எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்ததே நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு. பொய் சொல்லத்தான் நினைத்தேன். "சந்திக்கவில்லை" என்று வந்துவிட்டது. தொசியேயை மூடி என் பக்கம் தள்ளினாள். இரண்டு பெயரிலும் என்னை அறிந்த ஒருவரிடம் எழுதி வாங்கி வரட்டாம்.

கார் து நோர் ஸ்ரேசன் வரைக்கும் பத்திக்கொண்டு வந்தது. ஜே.பி.யிலும் கோபம், அவளிலும் கோபம், என்னில் அதைவிட. ஊரில் கந்தசாமி என்றால் செத்துப்போன அப்பா. அங்கே யாரிடம் கேட்பது? கடைசியில் சிவத்தின் நினைவு வந்தது. லாசப்பல் ரெஸ்ரோரண்ட் குசினியில் பதினெட்டு வருடம் என் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டியவன். நேரே அவனிடம் போனேன்.

"அதுக்கென்ன கந்தசாமி அண்ணை, இப்பவே எழுதித் தாறன்," என்று கையைத் துடைத்துக்கொண்டு பேனையை எடுத்தான். "என்னெண்டு எழுத?"

"கந்தசாமியும் குகதாசனும் ஒரே ஆள் எண்டு எழுது."

எழுதத் தொடங்கியவன் நிமிர்ந்து பார்த்தான்.

"குகதாசன் ஆர் அண்ணை?"